31 மணித்தியாலங்கள்: தாமதித்து வந்த ஒரு சதையி அழற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் 54 வயதுடைய இல்லத்தரசி ஒருவர், ஒரு திங்கட்கிழமை அதிகாலை 5.50 மணிக்கு, கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் அம்பியூலன்சில் கொண்டுவரப்பட்டார். அவருடைய வயிற்றுவலி தொடங்கியது சனிக்கிழமை இரவு 10.15 மணிக்கு. இவ்விரு நேரங்களுக்கும் இடையில் கழிந்த 31 மணித்தியாலமும் 35 நிமிடமுமே இந்த ஆய்வின் முதன்மைப் பொருள். சதையி அழற்சி, அதாவது கணைய அழற்சி, என்ற இந்த நோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையையும் பின்னர் சொல்கிறேன். ஆனால் அது எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். அக்கறையுள்ள ஒரு குடும்பம், நோயாளியை ஒரு நிமிடமும் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பம், ஒரு நாளுக்கும் மேலாக எப்படி வீட்டிலேயே காத்திருந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. நோயாளியை அடையாளங் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் முன்கதையும்

நோயாளிக்கு ஆறு ஆண்டுகளாக உயர் குருதியமுக்கம் இருந்தது; அதற்கு லொசாட்டன் 50 மில்லிகிராம் நாள்தோறும் எடுத்துவந்தார். நீரிழிவு இல்லை, மதுவும் புகையும் இல்லை. உயரம் 153 சென்ரிமீற்றர், எடை 74 கிலோகிராம். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்.

முந்திய மூன்று மாதங்களில் மூன்று தடவை, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின்னர், வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும் வலி வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓர் ஓமெப்ரசோல் குளிசை விழுங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வலி அடங்கியிருக்கிறது. பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் விலகும்போது அந்த வலி மருந்தில்லாமலே அடங்கும். குளிசை விழுங்கிய நேரமும் கல் விலகிய நேரமும் மூன்று முறையும் ஒத்துப்போனதால், “மாமிக்கு இருக்கிறது காஸ்ட்ரிக்” என்பது அந்த வீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மையாகிவிட்டது. பிறகு நடந்த தாமதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நாட்காட்டித் தாளில் இருந்த இரவு

நோய் வரலாற்றை நாங்கள் பெற்றுக்கொண்டது பெரும்பாலும் ஒரு தாளிலிருந்துதான். செட்டியார் தெரு நகைக்கடைகள் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் நாள் கிழிக்கும் நாட்காட்டியில், சனிக்கிழமைத் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் மருமகள் நீலப் பேனையால் நேரம் போட்டு எழுதியிருந்தார். மருந்தை இருமுறை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதத் தொடங்கியதாகச் சொன்னார். “11.00 ஓமெப்ரசோல், வெளியே வந்தது. 12.20 சத்தி. 1.10 சத்தி, பச்சைத் தண்ணி. 3.00 பனடோல் 2. 4.30 படுக்கவில்லை, இருக்கிறா.” நான்காக மடித்து, வியர்வையில் ஓரம் நனைந்து வந்த அந்தத் தாளைவிடத் தெளிவான நோய் வரலாற்றை எனக்கு எவரும் தந்ததில்லை.

சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பிரைட் ரைசும் சாப்பிட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் வீடு திரும்பியிருக்கிறார்கள். வலி தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. முன்னைய வலிகள் வலப்பக்கத்தில் இருந்தன. இது மேல்வயிற்றின் நடுவில். “முன்னாலே குத்தி முதுகாலே வெளியே வாற மாதிரி” என்று நோயாளி எங்களிடம் கூறினார். மல்லாந்து படுத்தால் கூடியது; கட்டிலில் அமர்ந்து, மடியில் தலையணையை வைத்து முன்னே குனிந்தால் சற்றுக் குறைந்தது. இஞ்சிப் பிளேன்டீயும் ஓமம் அவித்த நீரும் கொடுத்தார்கள்; இரண்டும் வெளியே வந்தன. சாதாரண அசீரணத்தில் ஒரு முறை வாந்தி எடுத்தால் வயிறு இலேசாகும். இவர் விடிவதற்குள் ஐந்து முறை வாந்தி எடுத்தும் வலி இம்மியும் குறையவில்லை.

ஞாயிறு காலை 7.40 மணிக்கு வழமையான பிரஷர் குளிசையை விழுங்கியிருக்கிறார். 8.30க்கு, மருந்துக்கடையில் வாங்கிய டைக்குளோபினாக் என்ற வலிநீக்கிக் குளிசை ஒன்று. 11 மணிக்கு அருகிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஊசி போடப்பட்டு, காஸ்ட்ரிக் என்று சொல்லி, அடுத்த நாளும் இருந்தால் வரும்படி அனுப்பப்பட்டார். அங்கே ஈ.சி.ஜி. எடுக்கப்படவில்லை, குருதியும் பரிசோதிக்கப்படவில்லை. அந்த வைத்தியரைக் குற்றஞ்சாட்டுவது எளிது; ஆனால் இந்நோயின் தொடக்கத்தில் வயிற்றை அழுத்திப் பார்த்தால், நோயாளி சொல்லும் வலிக்கு ஈடான இறுக்கம் கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். சதையி வயிற்றின் பின்சுவரையொட்டி, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. ஊசியால் இரண்டு மணித்தியாலம் வலி தணிந்தது. அந்த இரண்டு மணித்தியாலம் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதியின் விலையாக இன்னும் பதினாறு மணித்தியாலம் போனது.

தாளில் நான் விரல் வைத்து நிறுத்தும் வரி, ஞாயிறு பிற்பகலில் எழுதிய இது: “2.10 சலம் கொஞ்சம், பிளேன்டீ நிறம்.” அதற்குப் பின்னர் சிறுநீர் பற்றிய குறிப்பே இல்லை, ஏனெனில் சிறுநீரே கழியவில்லை. மருமகள் அதைக் கண்டிருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். அதன் பொருளை அவருக்கு யாரும் முன்னரே சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறு மாலை வீட்டில் பேச்சு மூண்டது. கணவர் காஸ்ட்ரிக் என்றார். மகன் நெஞ்சு வருத்தமாக இருக்குமோ என்று அஞ்சி, அப்படியானால் ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போவோம் என்றார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய தங்கை சிறுநீரகக் கல் என்றார். விருந்துச் சாப்பாடு பழுதாக இருந்திருக்கும் என்றார் நோயாளியின் அண்ணன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் இடம், ஒவ்வொரு வைத்தியர். பெயர் முடிவாகாததால் பயணமும் முடிவாகவில்லை. ஐந்து பேர் அக்கறையோடு இரண்டு மணித்தியாலம் விவாதித்த கேள்வி, “இது என்ன வருத்தம்?” என்பது. வீட்டாரால் விடை காண முடியாத கேள்வி அது. குருதிப் பரிசோதனை இல்லாமல் எங்களாலும் முடியாது. வீட்டாரால் விடை காணக்கூடிய கேள்வி வேறொன்று இருந்தது: இந்த வலியை வீட்டில் வைத்திருக்கலாமா? அதற்கான விடை மருமகளின் தாளில் முழுவதுமாக இருந்தது.

திங்கள் அதிகாலை 4.50க்குக் குளியலறை வாசலில் தலைசுற்றிச் சரிந்தார். மகன் முச்சக்கரவண்டி தேடப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டார் 1990க்கு அழைத்தார்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவசச் சேவையில், வந்தவர்கள் வீட்டிலேயே குருதியமுக்கத்தை அளந்து, ஒட்சிசன் வைத்து, படுக்க வைத்து ஏற்றினார்கள். மயங்கிச் சரிந்த ஒருவரை முச்சக்கரவண்டியில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுவருவது, ஏற்கெனவே குறைந்திருக்கும் குருதியமுக்கத்தை மேலும் குறைக்கும்.

அனுமதிக்கப்பட்டபோது

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, குருதியமுக்கம் 94/60, சுவாசம் நிமிடத்துக்கு 26, உடல்வெப்பம் 37.9 பாகை செல்சியஸ், ஒட்சிசன் செறிவு 93 சதவீதம். நாக்கு உலர்ந்திருந்தது, கண்களில் மெல்லிய மஞ்சள். மேல்வயிறு தொடுகைக்கு வலித்தது. முதலில் ஈ.சி.ஜி. எடுத்தோம், ஏனெனில் இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்படும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வருவதுண்டு. அதில் மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில், இரைப்பைப் புண் துளைத்திருந்தால் தெரியும் காற்று இல்லை. இடப்பக்க நுரையீரலின் அடியில் சிறிது நீர் தெரிந்தது. டெங்குப் பரிசோதனையும் செய்தோம். கடும் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் டெங்குவின் அபாய அறிகுறிகளாகவும் இருப்பதால் கொழும்பில் அதை மறக்க முடியாது. அது இல்லை என்று வந்தது.

சதையி சுரக்கும் நொதியமான அமிலேஸ், குருதியில் 1,480 அலகுகள். எமது ஆய்வுகூடத்தில் இயல்பின் மேல் எல்லை 100. தகுந்த வயிற்றுவலி, இயல்பின் மூன்று மடங்குக்கு மேற்பட்ட அமிலேஸ் அல்லது லைப்பேஸ், ஸ்கானில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் திடீர்ச் சதையி அழற்சி எனலாம் என்பது 2012 இன் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு. இரண்டு கிடைத்துவிட்டதால், சிறுநீரகம் தளர்ந்திருந்த நிலையில் சி.ரி. ஸ்கானுக்கு அவசரப்படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் குருதியில் ஏறும் கிரியாட்டினின், டெசிலீற்றருக்கு 2.1 மில்லிகிராம். ஈரல் நொதியமான ஏ.எல்.ரி. 212, முதல் இரு நாட்களில் இது 150ஐத் தாண்டினால் பித்தக்கல்லையே முதலில் சந்தேகிப்போம். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பித்தப்பை நிறையச் சிறு கற்கள் இருந்தன.

உள்ளே நடந்தது

சதையி என்று எமது பாடநூல்களும் கணையம் என்று தமிழகத்திலும் அழைக்கப்படும் இந்த உறுப்பு, இன்சுலினோடு புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதியங்களையும் சுரக்கிறது. அந்த நொதியங்கள் உறங்கும் நிலையில் புறப்பட்டு, சிறுகுடலை அடைந்த பிறகே விழிக்க வேண்டும். பித்தக்கானும் சதையிக்கானும் பெரும்பாலானோரில் ஒரே வாயிலில் குடலுக்குள் திறக்கின்றன. அந்த வாயிலில் சிக்கியிருந்த சிறு கல்லைப் பிரேதப் பரிசோதனையில் கண்டு, பித்தக்கல்லுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1901 இல் விளக்கியவர் அமெரிக்க நோயியலாளர் யூஜின் ஓப்பி. வழி அடைபட்டதும் நொதியங்கள் சதையிக்குள்ளேயே விழித்து, தம்மைச் சுரந்த திசுவையே செரிக்கத் தொடங்குகின்றன. பெரிய கல்லைவிட, பித்தப்பையிலிருந்து நழுவி வரக்கூடிய சின்னக் கல்லே இதில் ஆபத்தானது. கல் சின்னதுதானே என்ற ஆறுதலை நோயாளர்கள் வாயால் அடிக்கடி கேட்பதால் இதைச் சொல்கிறேன்.

அழற்சியுற்ற இடம் குருதியிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. வெளியே ஒரு சொட்டுக் குருதியும் சிந்தாமல், தீக்காயப்பட்டவர் நீரை இழப்பதுபோல நோயாளி உள்ளுக்குள்ளேயே வற்றுகிறார். அந்த நேரத்தில் இவர் லொசாட்டனையும் டைக்குளோபினாக்கையும் விழுங்கியிருந்தார். சிறுநீரக வடிகட்டிக்குள் வரும் நாடி விரிவதை டைக்குளோபினாக் தடுக்கிறது; அதிலிருந்து வெளியேறும் நாடியை லொசாட்டன் தளர்த்துகிறது. நீர் போதுமான உடலில் இது தாங்கக்கூடியது. வற்றிய உடலில் வடிகட்டி நின்றுவிடுகிறது. பிரஷர் குளிசையை ஒருநாளும் தவறவிடக் கூடாது என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். வாந்தியால் எதுவும் தங்காத நாளில் அதைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தவறுகிறோம். அந்தத் தவறு எங்களுடையது.

எந்த வரியில் புறப்பட்டிருக்க வேண்டும்

தாளை மீண்டும் படித்தால், முதல் இடம் ஞாயிறு அதிகாலை 1.10. அப்போது வலி மூன்று மணித்தியாலத்தை எட்டியிருந்தது, ஏறிய இடத்திலிருந்து இறங்கவில்லை, முதுகுக்குப் பரவியிருந்தது, வாந்தியால் தணியவில்லை, குடித்த எதுவும் தங்கவில்லை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சாதாரணக் காரணம் சொல்லலாம். ஒன்றாகச் சேர்ந்தபோது அது வீட்டில் வைத்திருக்கக்கூடிய வலி அல்ல. நடுச்சாமத்தில் தயங்கியிருந்தாலும் 4.30க்கு எழுதிய “படுக்கவில்லை, இருக்கிறா” என்ற வரியோடு புறப்பட்டிருக்க வேண்டும். பாயில் சரிய முடியாமல் இரவு முழுவதும் குனிந்திருக்கச் செய்யும் வயிற்றுவலியை வாய்வு என்று ஒதுக்கக் கூடாது.

இரண்டாவது இடம், ஊசியின் பலன் முடிந்து வலி திரும்பிய ஞாயிறு பிற்பகல் ஒரு மணி. தணிந்த வலி அதே வேகத்தில் திரும்பினால், ஊசி வலியை மூடிவைத்ததே தவிர அதன் காரணத்தை நீக்கவில்லை என்று பொருள். மீண்டும் அதே ஊசிக்குப் போகாமல், குருதிப் பரிசோதனையும் அனுமதியும் உள்ள இடத்துக்குப் போக வேண்டிய நேரம் அது. மூன்றாவது, சிறுநீர் கறுத்துக் குறைந்த 2.10. காய்ச்சல், கண் மஞ்சளித்தல், நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் எது வந்திருந்தாலும் அதே நிலைதான். மூச்சு வாங்குதல், மயக்கம், மாறாட்டமாகப் பேசுதல், வயிறு பலகைபோல் இறுகுதல், நெஞ்சிலோ தாடையிலோ வலி சேர்ந்து வருதல், தொப்புளைச் சுற்றியோ விலாப்புறத்திலோ நீலம் பாரித்தல் ஆகியவை வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 1990ஐ அழைக்க வேண்டும்.

இந்த நோயாளியைவிட விரைவாகப் புறப்பட வேண்டியவர்களும் உண்டு. நீரிழிவுள்ளவருக்கு மேல்வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், குருதியில் அமிலம் சேரும் வேறோர் ஆபத்தும் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பித்தக்கல் உருவாகும் வாய்ப்புக் கூடுதல்; அவர்களுடைய வயிற்றுவலியை மசக்கை என்று தள்ளிவிடக் கூடாது. சைக்கிளிலிருந்து விழுந்து கைபிடி மேல்வயிற்றில் குத்திய பிள்ளைக்கு அன்றோ அடுத்த நாளோ வலியும் வாந்தியும் தொடங்கினால், சதையி முதுகெலும்போடு நசுங்கியிருக்கக்கூடும். குருதியில் திரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு டெசிலீற்றருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கும் இந்நோய் வரலாம்.

மது பற்றித் தனியே சொல்ல வேண்டும். விடுதியில் நோயின் பெயரைச் சொன்னதும் கணவர் முகம் சிவந்து, “இவ ஒரு நாளும் தொட்டதில்லையே டொக்டர்” என்றார். இது குடிப்பவர்களின் வருத்தம் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்தப் பெயரே மனைவிக்கு அவமானம் என்று அவருக்குப் பட்டது. பித்தக்கல்லும் மதுவும் இந்நோயின் இரு பெருங்காரணங்கள்; அவற்றில் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் மதுவால் இந்நோய் வந்தவர்களும் தாமதித்தே வருகிறார்கள், வேறொரு காரணத்தால்: ஏச்சு விழும் என்ற பயம். அவர்களுடைய பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். விடுதிகளில் அவர்களை ஏசுவதை நான் கேட்டிருக்கிறேன், அது வெட்கத்துக்குரியது. வலி எந்தக் காரணத்தால் வந்தாலும் வரவேண்டிய நேரம் ஒன்றே. எவ்வளவு குடித்தார் என்ற உண்மை எங்களுக்கு வேண்டியிருப்பது சிகிச்சைக்காக. திடீரென மது நின்றதும் வரும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம்.

நேரத்தோடு வந்திருந்தால்

மூன்றாம் நாள் மருமகள் விடுதி வாசலில் நின்று இதைக் கேட்டார்: “அன்றைக்கு இரவே கொண்டுவந்திருந்தால் இது வந்திருக்காதா?” நேர்மையான விடை: வந்திருக்கும். தொடங்கிய சதையி அழற்சியை நிறுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. ஐவரில் நால்வருக்கு அது சில நாட்களில் தானாகவே ஆறும். எஞ்சியவர்களில் யார் கடுமையாவார் என்பதை முதல் இரவில் எவராலும் உறுதியாகக் கூற முடியாது. நேரத்தோடு வருவதால் கிடைப்பது வேறு. உடல் வற்றுமுன் நாளத்தினூடாக நீர் கிடைத்திருக்கும், சிறுநீரகம் தளர்ந்திருக்காது, டைக்குளோபினாக் உள்ளே போயிருக்காது, 31 மணித்தியாலம் அந்த வலியை அவர் தாங்க வேண்டி வந்திருக்காது. கடைசியாகச் சொன்னதை நான் சிறிதாக எண்ணவில்லை.

வீட்டுக்கருகே எங்காவது ஒரு போத்தல் சேலைன் ஏற்றிக்கொண்டால் போதாதா என்பதும் வழமையான கேள்வி. போதாது. 2022 இல் வெளியான வாட்டர்போல் ஆய்வில், நீரை வேகமாக அதிகம் செலுத்திய நோயாளரில் 20.5 சதவீதத்தினருக்கு உடலில் நீர் மிகுந்தது. அளவோடு செலுத்தியோரில் அது 6.3 சதவீதமே. குறைந்தால் சிறுநீரகம், கூடினால் நுரையீரல். ஆகவே மணித்தியாலத்துக்கொருமுறை சிறுநீரை அளந்து, மூச்சை எண்ணி, வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவருக்கு ஹார்ட்மன் கரைசல் என்ற உப்புநீரை அப்படித்தான் செலுத்தினோம். முதல் மணித்தியாலத்தில் பையில் சேர்ந்த சிறுநீர் 15 மில்லிலீற்றர். அன்றிரவு மணித்தியாலத்துக்கு 40. வலிக்கு மோர்பீன் கொடுத்தோம். தொற்று இல்லாததால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவில்லை. கிரியாட்டினின் 24 மணித்தியாலத்தில் 1.7 ஆகவும், மூன்றாம் நாள் 1.1 ஆகவும் இறங்கியது. கண் மஞ்சளும் தெளிந்தது, அதாவது கல் தானாகவே குடலுக்குள் இறங்கிவிட்டது. உள்நோக்கிக் குழாய் மூலம் கல்லெடுக்கத் தேவை ஏற்படவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி, நான்காம் நாள் குழைந்த சோறு. உறுப்புச் செயலிழப்பு 48 மணித்தியாலத்துக்குள் மீண்டதால் இது நடுத்தரக் கடுமையுள்ள வகையில் அடங்கும்.

மென்மையான வகையாக இருந்திருந்தால் வீட்டுக்கு அனுப்புமுன் பித்தப்பையை அகற்றியிருப்போம். 2015 இன் பொன்சோ ஆய்வில், அதே அனுமதியில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 5 சதவீதத்தினரே பித்தக்கல் சிக்கலால் மீண்டும் அனுமதிக்கப்பட்டோ இறந்தோ போனார்கள். நாள் குறித்து அனுப்பப்பட்டவர்களில் 17 சதவீதம். ஆனால் இவருடைய ஐந்தாம் நாள் சி.ரி. ஸ்கானில் சதையியைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. அது வடியும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலம் முழுவதும் கற்கள் உள்ளேயே இருக்கும். பதினோராம் நாள் அனுப்பும்போது, எந்த அறிகுறிக்குத் திரும்பி வரவேண்டும் என்பதை மருமகளிடமே எழுதச் சொன்னேன். எண்ணெய் மிதக்கும் மலம், காரணமின்றி மெலிதல், புதிதாகக் கூடும் சீனி ஆகியவை சதையி நீண்டகாலம் பழுதுபட்டதற்கான அடையாளங்கள் என்பதால், அவற்றை அவசரமாக அல்லாமல் கிளினிக்கில் சொன்னால் போதும் என்றும் எழுதிக்கொண்டார்.

பத்தொன்பது நாட்களின் பின்னர், இரவு 12.35க்கு அவர்கள் மீண்டும் வந்தார்கள். 11.40க்கு வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியிருந்தது. ஒரு முறை வாந்தி. அன்றிரவும் நான்தான் கடமையில் இருந்தேன். குருதி எடுத்து, முடிவு வருமுன்பே வலி போய்விட்டது. அமிலேஸ் 64. பித்தப்பை வலி மட்டுமே. நோயாளி எழுந்து அமர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வீணா உங்களையும் எழுப்பிப்போட்டம் டொக்டர்” என்றார். வீணில்லை என்று சொல்லிவிட்டு, மருமகள் நீட்டிய தாளில் அமிலேஸ் அளவை நானே எழுதிக் கொடுத்தேன். விடியும்வரை வைத்திருந்து, காலையில் பாணும் பருப்பும் சாப்பிடவைத்து அனுப்பினோம். எட்டாவது வாரத்தில், நீர் வடிந்துவிட்டதை ஸ்கானில் உறுதிசெய்த பின், துளைவழிச் சத்திரசிகிச்சையில் பித்தப்பை அகற்றப்பட்டது. உள்ளே மிளகளவில் இருபத்துமூன்று கற்கள் இருந்தன.